நிமிடத்திற்கு 240 ராக்கெட்: கேரனேட் என்ற கப்பலின் பணிக்காலம்

மூன்று மாதங்களாக என் மேசையில் ஒரு கப்பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. உண்மைக் கப்பலின் நீளம் 245 அடி. நான் செய்வது 150-இல் ஒரு பங்கு, ஆகவே அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவோ கூடவோ வரும். உடற்பகுதியும் மேற்கட்டடமும் முடிந்துவிட்டன. பழைய மின்வயரை உரித்தெடுத்த செப்புக் கம்பியில் பதினாறு துண்டுகள் வெட்டி, இரண்டிரண்டாகச் சேர்த்து, எட்டு ராக்கெட் ஏவிகளாகத் தளத்தில் ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. அவற்றை நெட்டுக்குத்தாக நிறுத்துவதா, கரையை நோக்கிச் சாய்த்து வைப்பதா என்ற கேள்வியில் வேலை நின்றுபோனது. அதற்கு விடை தேடத் தொடங்கியதில்தான் அந்தக் கப்பலின் பணி வரலாறு முழுவதையும் எழுத்துக் கூட்டிப் படிக்க நேர்ந்தது.

கப்பலின் பெயர் யு.எஸ்.எஸ். கேரனேட். அமெரிக்கக் கடற்படையில் கரையோரச் சுடு ஆதரவுக் கப்பல் என்ற வகையில் கட்டப்பட்ட ஒரே கப்பல் அது. அந்த வகையில் முதலாவதும் அதுவே, கடைசியும் அதுவே. இங்கே ராக்கெட் என்று நான் எழுதுவதை ஏவுகணை என்று படித்துவிட வேண்டாம். ஏவுகணைக்கு வழிகாட்டும் கருவி உண்டு. இந்த ராக்கெட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. குழலை விட்டுக் கிளம்பியபின் அது போகிற வழியை யாரும் திருத்த முடியாது. நம் தீபாவளி ராக்கெட்டும் இதே குடும்பம்தான். அது தலைகுப்புறக் கவிழாமல் இருக்க நீளமான வால்குச்சி ஒன்று வேண்டியிருக்கிறது. கேரனேட்டின் ராக்கெட்டுகளுக்குக் குச்சி இல்லை, புகை வெளியேறும் துளைகளே சாய்வாக அமைந்திருந்ததால் அவை பம்பரம்போல் சுழன்றுகொண்டே சென்றன. போரில் வாணத்தைப் பெரிய அளவில் பயன்படுத்தியதில் நம் பக்கத்துக்கும் பங்குண்டு: 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகளிடம் கர்னல் பெய்லி தோற்றபோது மைசூர் ராக்கெட்டுகள் களத்தில் இருந்தன. பின்னாளில் அவற்றைப் பார்த்து வில்லியம் காங்கிரீவ் உருவாக்கிய ராக்கெட்டுகளைப் பிரிட்டிஷ் கடற்படை கப்பலில் ஏற்றியது; 1814-இல் பால்டிமோர் கோட்டை மீது அவற்றைப் பொழிந்த எரிபஸ் என்ற கப்பலை ராக்கெட் கப்பல்களின் பாட்டி என்றே சொல்லலாம்.

கப்பலில் ராக்கெட்டை ஏற்றுவதற்குக் காரணம் எளிமையானது. 127 மில்லிமீட்டர் குண்டைப் பீரங்கியால் சுட வேண்டுமானால் அந்தப் பின்னுதைப்பைத் தாங்கக் கனமான குழலும், அதைவிடக் கனமான பீடமும், அதன் கீழே உறுதியான கப்பலும் வேண்டும். அதே விட்டமுள்ள ராக்கெட்டுக்கு ஒரு மெல்லிய குழல் போதும், ஏனென்றால் உதைப்பு முழுவதும் பின்பக்கப் புகையாக வெளியேறிவிடுகிறது. ஆகவே ஒரு நாசகாரிக் கப்பல் தாங்கும் பீரங்கிகளைவிடப் பல மடங்கு குழல்களைச் சிறிய படகுகூடச் சுமக்க முடியும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷார் டாங்கிகளை இறக்கும் படகின் தளம் முழுவதையும் ராக்கெட் தண்டவாளங்களால் நிரப்பி, ஒரே படகில் ஏறத்தாழ ஆயிரம் ராக்கெட்டுகளை அடுக்கினர். தண்டவாளங்கள் தளத்தோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டவை. குறி பார்க்க வேண்டுமானால் படகையே திருப்ப வேண்டும். தூரமும் நிலையானது, ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். அந்த இடத்துக்குப் படகு சரியாக வந்து சேராவிட்டால் ஆயிரம் ராக்கெட்டும் வீண்தான். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் அவற்றில் பெரும்பகுதி கரைக்கு முன்பே தண்ணீரில் விழுந்தது.

அமெரிக்கர்கள் அதே எண்ணத்தைச் சற்றுப் பெரிய தரையிறக்கக் கப்பல்களில் செய்து பார்த்தார்கள். எல்.எஸ்.எம்.ஆர். என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அவற்றின் முதல் பன்னிரண்டு கப்பல்கள் 1945 வசந்தத்தில் ஒகினாவாவுக்குப் போயின. கரையைச் சுடும் வேலை முடிந்ததும் அவற்றில் பலவற்றை, ஜப்பானிய விமானங்களை முன்கூட்டியே கண்டறியும் நாசகாரிகளுக்குத் துணையாக வெளிக்கடலில் நிறுத்தினார்கள். இதைப் படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ராக்கெட்டால் விமானத்தை வீழ்த்த முடியாது. அவற்றை வயிற்றில் நிறைத்துக்கொண்டு நிற்கும் கப்பலோ தானே ஒரு வெடிமருந்துக் கிடங்கு. மே 3 அன்று 195-ஆம் எண் கப்பலும், மறுநாளே 190-ஆம், 194-ஆம் எண் கப்பல்களும் தற்கொலை விமானங்கள் மோதி மூழ்கின. 195-இல் சொந்த ராக்கெட்டுகளே வெடிக்கத் தொடங்கியதால் தீயை அணைக்க வழியின்றிப் போனது.

அடுத்த தொகுதியில் பெரும்பகுதி டெக்சாஸின் ஹியூஸ்டன் நகரில் பிரவுன் கப்பல் கட்டுமான நிறுவனத்தில் உருவானது. திட்டமிட்டபடி மொத்தம் நாற்பத்தெட்டு, அவற்றில் பல போர் முடிந்த பிறகே பணிக்கு வந்தன. இவற்றில்தான் முதன்முறையாக ராக்கெட் ஏவிகள் பீரங்கியைப்போலத் திரும்பவும் உயரவும், கீழ்த்தளத்திலிருந்து தொடர்ந்து ராக்கெட்டுகளைப் பெறவும் கற்றுக்கொண்டன. 1950 செப்டம்பர் 15 அன்று கொரியாவின் இஞ்சோன் துறைமுகத்தில் படைகள் தரையிறங்குவதற்குச் சற்று முன்பு 401, 403, 404 எண்களுடைய மூன்று கப்பல்கள் முன்னே வந்து ஆயிரக்கணக்கான ராக்கெட்டுகளைக் கரைமீது பொழிந்தன. ராக்கெட் கப்பல் எதற்காக இருக்கிறதோ அந்த வேலை அதுதான்: கடைசிப் பெரிய பீரங்கி ஓய்ந்ததற்கும் முதல் சிப்பாயின் கால் மணலில் படுவதற்கும் இடையிலுள்ள சில நிமிடங்களில் எதிரி தலைநிமிர முடியாதபடி செய்வது. அந்தச் சில நிமிடங்களுக்காகவே முழுக்க முழுக்க ஒரு கப்பலைப் புதிதாக வடிவமைத்தால் என்ன என்று கடற்படை கேட்டதன் விளைவுதான் கேரனேட்.

சியாட்டிலில் உள்ள பியூஜெட் சவுண்ட் பிரிட்ஜ் அண்ட் டிரெட்ஜிங் நிறுவனத்தில் 1952 நவம்பரில் அடித்தளம் இடப்பட்டு, 1953 மே மாதம் நீரில் இறக்கப்பட்டு, 1955 மே 25 அன்று அது பணியில் சேர்ந்தது. கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோது தொடங்கிய வேலை, அந்தப் போர் ஓய்ந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்து முடிந்தது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கேரனேட் என்பது பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் கேரன் இரும்பாலை வார்த்த ஒரு குட்டைப் பீரங்கி. குழல் சிறியது, எடை குறைவு, சுடுவதற்குச் சில ஆட்களே போதும். ஆனால் கனமான குண்டை வீசும். குறை ஒன்றுதான், குண்டு அதிகத் தூரம் போகாது. அந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதை அமெரிக்கக் கடற்படை தன் அனுபவத்திலேயே கண்டிருந்தது. 1814 மார்ச்சில் சிலி நாட்டின் வால்பரைசோ துறைமுகத்துக்கு வெளியே டேவிட் போர்ட்டரின் எசெக்ஸ் என்ற கப்பல், ஏறக்குறைய முழுவதும் கேரனேட்டுகளையே நம்பியிருந்தது. எதிரே வந்த பிரிட்டிஷ் கப்பல்களான ஃபீபியும் செரபும் கேரனேட்டுகளின் குண்டு எட்டாத தூரத்தில் நின்று நீண்ட பீரங்கிகளால் அதை அடித்து நொறுக்கின. கிட்டே போனால் பயங்கரம், கிட்டே போக முடியாவிட்டால் பாரம் என்பதுதான் அந்தப் பீரங்கியின் இயல்பு. ராக்கெட் கப்பலுக்கு இந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தவர் அதை அறிந்தே செய்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது.

முழுச் சுமையோடு ஏறத்தாழ 1,500 டன். வேகம் 15 நாட். மாலுமிகள் ஏறத்தாழ 160 பேர். 127 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்று, 40 மில்லிமீட்டர் இரட்டைப் பீரங்கிகள் இரண்டு, எட்டு இரட்டைக்குழல் ராக்கெட் ஏவிகள். இவை எல்லாவற்றையும்விட முக்கியமான எண் பத்து: கப்பல் நீருக்குள் அமிழும் ஆழம் பத்து அடிதான். ராக்கெட் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் போகாது, ஆகவே கப்பல்தான் கரைக்குப் போக வேண்டும். கரையை ஒட்டிப் போக வேண்டுமானால் ஆழம் குறைந்த நீரில் தரைதட்டாமல் மிதக்க வேண்டும். மற்ற அளவுகள் எல்லாம் இந்த ஒரு கணக்கைப் பின்தொடர்ந்து வந்தவை.

செப்புக் கம்பித் துண்டுகளுக்கு வருகிறேன். ஏவியின் இரண்டு குழல்களும் நெட்டுக்குத்தாக நிமிரும்போது நேர்கீழே உள்ள அறையிலிருந்து இரண்டு ராக்கெட்டுகள் மேலே தள்ளப்பட்டுக் குழல்களுக்குள் நுழைகின்றன. குழல்கள் இலக்கின் திசைக்குத் திரும்பிச் சாய்கின்றன, இரண்டும் சீறிப் போகின்றன, குழல்கள் மறுபடி நிமிர்கின்றன. ஓர் ஏவி நிமிடத்திற்கு முப்பது ராக்கெட் செலுத்தும் என்பதால் இந்தச் சுற்று முழுவதற்கும் நான்கு விநாடிதான். சுடும் நேரத்தில் மேல்தளத்தில் ஆள் யாரும் நிற்பதில்லை, இயக்குவது உள்ளேயிருந்து. கீழறையில் இருப்பவர்களுக்குக் கடலும் தெரியாது, கரையும் தெரியாது. தலைக்கு மேலே நான்கு விநாடிக்கு ஒருமுறை சீறல் கேட்கும். கையில் அடுத்த ராக்கெட், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 23 கிலோ, ஒரு சிமெண்டு மூட்டையில் பாதி.

எட்டு ஏவிகளும் சேர்ந்தால் நிமிடத்திற்கு 240 ராக்கெட், ஐந்தரை டன். அக்கால நாசகாரியின் 127 மில்லிமீட்டர் பீரங்கிக் குழல் ஒன்று நிமிடத்திற்குப் பதினைந்திலிருந்து இருபது குண்டு சுடும். பெரிய நாசகாரிகளில் அப்படி ஆறு குழல்கள். எனவே அவற்றில் பாதி எடைகூட இல்லாத இந்தச் சிறு கப்பல், அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும், இரண்டு நாசகாரிகளுக்குச் சமமாக நின்றது. ஆனால் நாசகாரியின் குண்டு போய் விழும் இடத்தைச் சில பத்து மீட்டருக்குள் சொல்ல முடியும். மெதுவாகப் புறப்பட்டு வழியெல்லாம் காற்றுக்கு இடம்கொடுத்துப் போகும் ராக்கெட்டுக்கு அந்த உறுதி கிடையாது. அது ஒரு பதுங்குகுழியைக் குறிவைப்பதில்லை. ஒரு வயலைக் குறிவைக்கிறது.

1955 முதல் ஐந்து ஆண்டுகள் சான் டியேகோவைத் தளமாகக் கொண்டு, கலிபோர்னியக் கரையோரப் பயிற்சியும் மேற்குப் பசிபிக் பயணமுமாகக் கழிந்தன. சொல்லும்படியாக எதுவும் நடக்கவில்லை. அணுகுண்டும் வழிகாட்டும் ஏவுகணையும் கடற்படையின் கவனத்தைப் பிடித்திருந்த காலத்தில், பத்தாயிரம் பேரைக் கடற்கரையில் திரட்டி இறக்கும் போர்முறையே பழங்கதை என்ற எண்ணம் பரவியிருந்தது. இரண்டாவது கேரனேட் கட்டப்படவில்லை. 1960 மே மாதம் முதலாவதையும் பணியிலிருந்து விலக்கி இருப்பில் கட்டிப்போட்டார்கள்.

1965 மார்ச் 8 அன்று அமெரிக்க மரைன் படைகள் வியட்நாமின் டா நாங்கில் தரையிறங்கின. கவச வண்டிகள் அலைகளைக் கிழித்துக்கொண்டு கரையேறின. கரையில் அவற்றை எதிர்கொண்டவர்கள் மாலைகளோடு நின்ற பள்ளி மாணவிகள். தரையிறக்கத்துக்கு முந்தைய சில நிமிடங்களுக்காகவே பிறந்த கப்பலுக்கு இந்தப் போரில் அந்த வேலை காத்திருக்கவில்லை என்பதை அன்றே ஊகித்திருக்கலாம். ஆயினும் தென் வியட்நாமின் நீண்ட கடற்கரையை ஒட்டி நடந்த தரைச் சண்டைகளுக்குக் கப்பல் பீரங்கி தேவைப்பட்டது, பழைய நாசகாரிகளும் போதவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரிலும் அக்டோபரிலும் இருப்பிலிருந்து நான்கு ராக்கெட் கப்பல்களை வெளியே எடுத்தார்கள். எல்.எஸ்.எம்.ஆர். என்ற பழைய வகையில் மூன்று: கிளாரியன் ரிவர், செயின்ட் பிரான்சிஸ் ரிவர், ஒயிட் ரிவர். எண்களாக மட்டுமே இருந்த அவற்றுக்கு 1955-இல் ஆறுகளின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. நான்காவது கேரனேட், அது மீண்டும் பணியில் சேர்ந்த நாள் அக்டோபர் 2. நான்கும் சேர்ந்து 93-ஆம் கரையோரச் சுடு ஆதரவுப் பிரிவாகி, ஜப்பானின் யோகோசுகாவைத் தளமாகக் கொண்டு, 1966 முதல் வியட்நாம் கரைக்குப் போய்வரத் தொடங்கின. உலகத்தில் இருந்த பெரும் கடற்படை தன் ராக்கெட் கப்பல்கள் அனைத்தையும் ஒரே பிரிவில் அடக்கிவிட முடிந்தது.

அடுத்த நான்கு ஆண்டுகளின் வேலை ஒரே மாதிரியானது. கரையில் இருக்கும் தொடர்பாளரோ, மேலே வட்டமிடும் சிறு விமானத்தில் இருப்பவரோ வரைபடக் கட்டத்தின் எண்களை வானொலியில் சொல்வார். கப்பல் ஒரு குண்டை அனுப்பும். வலப்பக்கம் இத்தனை, தொலைவில் இத்தனை கூட்டு என்று திருத்தம் வரும். இரண்டு மூன்று திருத்தங்களுக்குப் பிறகு முழுச் சுடுதலுக்கு உத்தரவு கிடைக்கும். இவற்றில் பெரும்பகுதிக்குப் பீரங்கியே போதுமானதாக இருந்தது. பரந்த பகுதி இலக்கானபோதும், சதுப்புக் காட்டுக்குள் இருப்பதை மரங்களோடு சேர்த்து அடிக்க வேண்டியிருந்தபோதும் ராக்கெட்டுகள் வேலைக்கு வந்தன. தெற்கே மேகாங் கழிமுகத்தை ஒட்டிய கடல் வெகுதூரம்வரை சேறும் ஆழமின்மையும்தான். 1968-இல் வந்த நியூ ஜெர்சி போர்க்கப்பலின் 16 அங்குலப் பீரங்கிகள் முப்பத்தெட்டு கிலோமீட்டர் எட்டும், ஆனால் அது பதினொரு மீட்டர் ஆழம் கேட்கும். கேரனேட்டும் அதன் துணைக்கப்பல்களும் மூன்று மீட்டரில் மிதந்தன. பெரியவை போக முடியாத இடங்களில் இவை போய் நின்றதில்தான் இவற்றின் பயன் முழுவதும் இருந்தது.

அத்தகைய நாட்களின் முடிவில் எழுதப்படும் அறிக்கைகளில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது: ஸ்ட்ரக்சர். இத்தனை பதுங்குகுழிகள் அழிந்தன, இத்தனை சம்பான் படகுகள் அழிந்தன, இத்தனை ஸ்ட்ரக்சர்கள் அழிந்தன, இத்தனை சேதமடைந்தன. கட்டமைப்பு என்று மொழிபெயர்க்கலாம். கிடங்காகவும் இருந்திருக்கலாம், கீற்று வேய்ந்த வீடாகவும் இருந்திருக்கலாம். சம்பானும் அப்படித்தான், ஆயுதம் ஏற்றி வந்ததும் சம்பான், வலைவீச வந்ததும் சம்பான். வானத்திலிருந்து பார்ப்பவர் கூரையை எண்ணலாமே தவிர உள்ளே இருந்தவர்களை எண்ண முடியாது. ஒரு வயலைக் குறிவைக்கும் ஆயுதத்துக்கு அந்தச் சொல் மிக வசதியாகப் பொருந்திப் போயிருக்கிறது. இந்தக் கப்பலின் எந்திர நுட்பத்தை வியந்து எழுதிக்கொண்டிருக்கும் நானும் அந்தச் சொல்லை அடைந்தபோது அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டேன்.

1969 ஜனவரி 1 அன்று நான்கு கப்பல்களையும் எல்.எஃப்.ஆர். என்ற ஒரே வகைக்குள் கொண்டுவந்தார்கள். கரையோரச் சுடு ஆதரவுக் கப்பல் என்பதன் சுருக்கமான ஐ.எஃப்.எஸ். என்ற எழுத்துகளோடு ஐ.எஃப்.எஸ். 1 ஆக இருந்த கேரனேட் எல்.எஃப்.ஆர். 1 ஆனது. எழுத்துகள் மாறின, எண் மாறவில்லை. என் மாதிரியின் முன்பக்கத்தில் வெள்ளையில் எழுதிய 1 இரண்டு காலத்துக்கும் பொருந்துவதில் எனக்கு ஒரு சிறு லாபம். ஆனால் அதற்குள் அமெரிக்கா படைகளைக் குறைக்கத் தொடங்கியிருந்தது, பழைய கப்பல்களைப் பராமரிக்கும் செலவும் உறுத்தியது. 1970 மே மாதம் ஒயிட் ரிவர் விலக்கப்பட்டது; ஜூலை 24 அன்று கேரனேட்டின் முறை. அதன் பணிக்காலத்தைக் கூட்டிப் பார்த்தால் முதல் தவணை ஐந்து ஆண்டு, இரண்டாவது தவணை ஐந்து ஆண்டுக்குச் சற்றுக் குறைவு, இடையில் ஐந்து ஆண்டு உறக்கம். 1973-இல் கடற்படைப் பட்டியலிலிருந்து பெயரை அடித்தார்கள். 1974-இல் உடைப்பதற்கு விற்றார்கள். அமெரிக்கக் கடற்படை அதன் பிறகு ராக்கெட் கப்பல் எதையும் கட்டவில்லை.

குழல்களின் நிலையைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். எட்டு ஏவிகளும் ஒரே திசையில் சாய்ந்து நிற்கும் காட்சி கம்பீரமாகத்தான் இருக்கும், கண்காட்சியில் வைத்தால் பார்ப்பவர்களும் அதையே விரும்புவார்கள். ஆனால் நான்கு விநாடிச் சுற்றில் சீறும் நேரம் ஒரு கணம்தான். எஞ்சிய நேரமெல்லாம் நிமிர்வதும், நிரம்புவதும், திரும்புவதும். துறைமுகத்திலும் பயணத்திலும் இருப்பில் கட்டிக்கிடந்த ஐந்து ஆண்டிலும் சுடுதலே இல்லை. ஆகவே ஆறு ஏவிகளை நிமிர்த்தியும், இரண்டை மட்டும் வலப்பக்கம் சாய்த்தும் நேற்று இரவு ஒட்டினேன். காலையில் பார்த்தபோது சாய்த்தவற்றில் ஒன்று பசை இளகித் தளத்தில் படுத்திருந்தது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக இரண்டு துண்டு வெட்ட வேண்டும்.